ஏமி ஜான்சன்: மேகத்துக்கு மேலே கழிந்த மூன்றரை மணி நேரம்

1941 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணியளவில் தேம்ஸ் நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், ஹெர்ன் பே என்ற கரையோர ஊரை ஒட்டிய கடற்பரப்பில், போர்க்காலக் கப்பல் அணி ஒன்று சென்றுகொண்டிருந்தது. பனி பெய்துகொண்டிருந்தது, அலை உயர்ந்திருந்தது, நீரோட்டமும் கடுமையாக இருந்தது. தாழ்ந்து கிடந்த மேகத்திலிருந்து ஒரு பாராசூட் இறங்குவதை மாலுமிகள் கண்டார்கள். அதைத் தொடர்ந்து இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று கடலில் விழுந்தது. எதிரி விமானியாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தவர்களுக்கு, தண்ணீரிலிருந்து உதவி கேட்டு எழுந்தது ஒரு பெண்ணின் குரல் என்று தெரிந்தபோது வியப்பு மேலிட்டது. கப்பலிலிருந்து கயிறுகள் வீசப்பட்டன, ஆனால் அந்தப் பெண்ணால் அவற்றைப் பற்ற முடியவில்லை. சில நிமிடங்களில் அவர் கப்பலின் பின்பகுதிக்கு அடியில் மறைந்துபோனார். அவரது உடல் அன்றும் கிடைக்கவில்லை, இந்த எண்பத்து சொச்சம் ஆண்டுகளிலும் கிடைக்கவில்லை.

அவர் ஏமி ஜான்சன். அன்றைய பிரிட்டனில் அவர் பெயரைக் கேள்விப்படாதவர் இருந்திருக்க முடியாது. அவ்வளவு புகழ்பெற்ற ஒருவர், பல கப்பல்களிலிருந்து பலர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பட்டப்பகலில் இறந்தார். ஆனாலும் அவர் எப்படி இறந்தார், எதனால் அங்கே வந்தார், விமானத்தில் தனியாகத்தான் வந்தாரா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஐயமற்ற பதில் இன்றுவரை இல்லை. பீரங்கி சுட்டு வீழ்த்தியது என்கிறது ஒரு கதை. கூடவே ரகசிய மனிதர் ஒருவரை ஏற்றி வந்தார் என்கிறது இன்னொன்று. காப்பாற்ற வந்த கப்பலே அவரைக் கொன்றுவிட்டது என்கிறது மூன்றாவது. இந்தக் கதைகள் எல்லாமே கடைசி அரைமணி நேரத்தைச் சுற்றியே வருகின்றன. அதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. என் பார்வையில் முடிச்சு விழுந்திருப்பது அங்கேதான்.

அவர் யார் என்பதைக் கொஞ்சம் சொன்னால்தான் இவ்வளவு கதைகள் ஏன் முளைத்தன என்பது புரியும். 1903 ஜூலை 1 அன்று இங்கிலாந்தின் கிழக்குக் கரைத் துறைமுக நகரமான ஹல்லில், ஒரு மீன் வணிகரின் மகளாக ஏமி பிறந்தார். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார், பின்னர் லண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் செயலாளராக வேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் விமானம் ஓட்டப் பழகியவர் 1929இல் விமானி உரிமம் வாங்கினார். அதோடு நிற்காமல், எஞ்சினைக் கழற்றி மாட்டும் தரைப் பொறியாளருக்கான சான்றிதழையும் பெற்றார். பிரிட்டனில் அந்தச் சான்றிதழைப் பெற்ற முதல் பெண் அவரே. அடுத்த ஆண்டு மே 5 அன்று, யாரோ ஓட்டிய பழைய ஜிப்சி மாத் விமானம் ஒன்றில், லண்டனை அடுத்த கிராய்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகக் கிளம்பினார். அதுவரை அவர் பறந்திருந்த மிக நீண்ட தூரம் லண்டனிலிருந்து ஹல் வரைதான். தந்தையின் மீன் வியாபார முத்திரைப் பெயரான 'ஜேசன்' என்பதையே விமானத்துக்கும் சூட்டியிருந்தார்.

வழியில் நேர்ந்தவை ஒவ்வொன்றும் ஒரு தனிக் கதை. கராச்சியை ஆறே நாளில் எட்டி, அந்தப் பாதையில் அதுவரை இருந்த சாதனையை முறியடித்தார். எரிபொருள் தீர்ந்து ஜான்சியில் ராணுவ அணிவகுப்புத் திடலில் இறங்கினார். ரங்கூனுக்கு அருகே இன்செய்னில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியின் விளையாட்டுத் திடலில் இறங்கியபோது விமானம் பள்ளத்தில் சாய்ந்து இறக்கை கிழிந்தது. பழைய போர் விமானத் துணியில் தைத்திருந்த சட்டைகளைப் பிரித்து அந்தக் கிழிசலை ஒட்டித் தைத்தார்கள். மே 24 அன்று டார்வினில் இறங்கும்போது சுமார் 11,000 மைல், அதாவது ஏறத்தாழ 18,000 கிலோமீட்டரைக் கடந்திருந்தார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் என்ற பெயர் கிடைத்தது, வீதியெல்லாம் கூட்டம் திரண்டது. அந்த ஜேசன் இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. பின்னர் 1932இல் சக விமானி ஜிம் மாலிசனை மணந்தது, கேப் டவுன் வரை பறந்து சாதனை படைத்தது, 1938இல் மணவாழ்க்கை முறிந்தது என்று பத்திரிகைகளுக்கு ஓயாமல் தீனி கிடைத்துக்கொண்டே இருந்தது.

இப்படிப்பட்டவருக்குப் போர் வந்ததும் கிடைத்த வேலை, வெளியே இருந்து பார்த்தால், மிகச் சாதாரணமானது. போர்க்கால விமானப் போக்குவரத்துத் துணைப்படை என்ற அமைப்பு 1939இல் உருவானது. வயது, உடற்குறை போன்ற காரணங்களால் விமானப்படையில் சேர முடியாதவர்களைக் கொண்டு, தொழிற்சாலையிலிருந்து விமானத் தளத்துக்கும் ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கும் விமானங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அதன் பணி. 1940இன் தொடக்கத்தில் பாலின் கோவரின் தலைமையில் எட்டுப் பெண்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். அதே ஆண்டில் ஏமியும் சேர்ந்தார். உலக சாதனை படைத்தவர், ஒரு வகையில், விமானங்களை வீட்டுக்கு வீடு பட்டுவாடா செய்யும் தபால்காரர் ஆனார். அவர் அதைக் குறைவாக எண்ணியதாகத் தெரியவில்லை.

இந்த வேலையின் நடைமுறை ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் விவாதம் முழுவதும் அதைச் சார்ந்தே நிற்கிறது. துணைப்படையின் விமானிகள் வானொலித் தொடர்பு இல்லாமல் பறந்தார்கள். ஆயுதமும் கிடையாது. மடியில் விரித்த வரைபடம், முன்னால் ஒரு காம்பஸ், கையில் ஒரு கடிகாரம், கீழே தெரியும் ரயில் பாதை, ஆறு, தேவாலயக் கோபுரம் ஆகியவையே வழிகாட்டி. ஆகவே தரை கண்ணில் தெரியும்படி மேகத்துக்குக் கீழேயே பறக்க வேண்டும் என்பது விதி. மேகத்துக்கு மேலே ஏறிவிட்டால், இறங்க ஓர் ஓட்டை கிடைக்கும்வரை, தான் எந்த ஊருக்கு மேலே இருக்கிறோம் என்பதை அறிய விமானிக்கு வழியே இல்லை. தரையில் இருப்பவர்களுக்கும் அவரிடம் சொல்ல வழியில்லை.

1941 ஜனவரி முதல் வாரத்தில் ஏமிக்கு ஒதுக்கப்பட்டது, ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கிலிருந்து ஏர்ஸ்பீட் ஆக்ஸ்போர்டு வகைப் பயிற்சி விமானம் ஒன்றை, ஆக்ஸ்போர்டு நகருக்கு அருகே உள்ள கிட்லிங்டன் தளத்தில் சேர்ப்பது. விமானத்தின் எண் வி3540. வழியில் பிளாக்பூலின் ஸ்குவயர்ஸ் கேட் தளத்தில் இறங்கி, அந்த ஊரில் இருந்த தங்கை வீட்டில் இரவு தங்கினார். மறுநாள் காலை வானிலை மோசமாக இருந்தது, மேகம் தரையை ஒட்டித் தொங்கியது. காம்பஸ் சற்றுப் பிசகுகிறது என்று அவர் குறைபட்டுக்கொண்டதாகப் பின்னாளில் சொல்லப்பட்டது. காத்திருக்கச் சொன்னவர்களிடம், மேகத்துக்கு மேலே ஏறிப் போய்விடுகிறேன் என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு, 11 மணி 49 நிமிடத்துக்கு ஓடுதளத்தை விட்டு எழும்பினார். அதன்பின் அவரோடு பேசியவர் எவரும் இல்லை.

இனி கணக்குக்கு வருவோம். பிளாக்பூலிலிருந்து கிட்லிங்டனுக்கு நேர்க்கோட்டில் சுமார் 240 கிலோமீட்டர். ஆக்ஸ்போர்டு விமானம் மணிக்கு ஏறத்தாழ அதே அளவு வேகத்தில் செல்லக்கூடியது. ஆகவே பயணம் ஒரு மணி நேரத்தில், மிஞ்சிப்போனால் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டும். பகல் ஒரு மணிக்கு அவர் கிட்லிங்டனில் தேநீர் அருந்திக்கொண்டிருக்க வேண்டியவர். ஆனால் மூன்றரை மணிக்கு, போய்ச் சேர வேண்டிய இடத்திலிருந்து கிழக்கே 170 கிலோமீட்டருக்கும் அப்பால், கடலுக்கு மேலே இருந்தார்.

காம்பஸ் பிசகியதுதான் காரணம் என்று பல கட்டுரைகள் ஒற்றை வரியில் முடித்துவிடுகின்றன. அது போதாது. விமானிகள் மனக்கணக்காக வைத்திருக்கும் ஒரு விதி உண்டு: ஒரு பாகை திசை தவறினால், 60 மைலுக்கு ஒரு மைல் பக்கவாட்டில் விலகுவோம். காம்பஸ் ஐந்து பாகை தவறாகக் காட்டியிருந்தாலும் கிட்லிங்டனை அடையும் நேரத்தில் அவர் சுமார் 20 கிலோமீட்டர்தான் விலகியிருப்பார். பத்துப் பாகை என்று வைத்துக்கொண்டாலும் 40 கிலோமீட்டர். 170 கிலோமீட்டர் விலகலைக் காம்பஸின் தலையில் மட்டும் கட்ட முடியாது. விலகலைப் பெரிதாக்கியது அவர் காற்றில் செலவிட்ட கூடுதல் நேரமே. கிட்லிங்டனுக்கு மேலே வந்துவிட்டதாக நினைத்து, இறங்க ஓர் ஓட்டை தேடி, அது கிடைக்காமல் வட்டமடித்து, இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம் என்று நகர்ந்து, கீழே என்ன இருக்கிறது என்பதை அறியாமலே காற்றோடு கிழக்கே இழுபட்டிருக்க வேண்டும். மேகத்துக்கு மேலே இருப்பவருக்குக் காற்றின் இழுப்பு கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைப் பரப்பு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்கும், வெயிலும் நன்றாகவே அடித்துக்கொண்டிருக்கும்.

அந்த வகை விமானம் எரிபொருளை முழுவதும் நிரப்பினால் நான்கு மணி நேரத்தை ஒட்டிப் பறக்கும். 11.49க்குக் கிளம்பியவர் மூன்றரை மணியளவில் பாராசூட்டில் குதித்ததும், எரிபொருள் தீரும் நேரமும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. அதிகாரப்பூர்வமாகச் சொல்லப்பட்டதும் இதுவே: வழி தவறினார், எரிபொருள் தீர்ந்தது, குதித்தார். சலிப்பூட்டும் விளக்கம்தான். ஆனால் கணக்கோடு பொருந்துவது அது ஒன்றே.

இந்த இடத்தில் கப்பல் அணியைப் பற்றி ஒரு செய்தி சேர்கிறது. அவரைக் காப்பாற்ற முயன்ற ஹாஸில்மியர் என்ற கப்பல் அமைதிக் காலத்தில் இங்கிலாந்தின் சதர்ன் ரயில்வேக்குச் சொந்தமான சரக்குக் கப்பல் (அந்நாட்டு ரயில் கம்பெனிகள் கப்பலும் ஓட்டின). போரின்போது அது தடுப்புப் பலூன் ஏந்திய கப்பலாக மாற்றப்பட்டிருந்தது. தாழப் பறந்து குண்டு போடும் எதிரி விமானங்களைத் தடுக்க, எஃகுக் கம்பியில் கட்டிய பெரிய பலூன்களை வானில் மிதக்கவிடுவார்கள். பொதுவாக இவை நகரங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் மேலே மிதப்பவை. மேகத்தின் மேல்விளிம்பிலோ ஓர் இடைவெளியிலோ அந்தப் பலூன்களைக் கண்ட விமானி, கீழே ஊர் இருக்கிறது, குதித்தால் தரையில் இறங்குவோம் என்று நம்பியிருக்கலாம் என்பது பலர் முன்வைக்கும் ஊகம். நிரூபிக்க வழியில்லை. ஆனாலும், எரிபொருள் தீரும் தறுவாயில் இருந்த அனுபவசாலி ஒருவர் ஏன் கடலுக்கு மேலே வந்து குதித்தார் என்ற கேள்விக்கு இதைவிட இயல்பான விடை என் கண்ணில் படவில்லை.

இப்போது சுட்டு வீழ்த்திய கதை. 1999இல், போர்க்காலத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையில் பணியாற்றிய முதியவர் ஒருவர், ஏமியின் விமானத்தைச் சுட்டது தங்கள் அணியே என்று சொன்னது செய்தியானது. அடையாளக் குறியீட்டைக் கேட்டபோது விமானத்திலிருந்து இருமுறை தவறான பதில் வந்தது, 16 குண்டுகள் சுடப்பட்டன, விமானம் முகத்துவாரத்தில் விழுந்தது, மறுநாள் நாளிதழைப் பார்த்தபோதுதான் அது ஏமி என்று தெரிந்தது, வெளியே சொல்லக் கூடாது என்று அதிகாரிகள் வாயைக் கட்டிவிட்டார்கள் என்பது அவர் சொன்னதன் சுருக்கம்.

இதை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாததற்குக் காரணங்கள் உண்டு. தன் படையே தன் விமானத்தைச் சுடுவது அந்தப் போரில் அபூர்வம் அல்ல. போர் தொடங்கி மூன்றாம் நாளே, 1939 செப்டம்பர் 6 அன்று, இதே கிழக்கு வானத்தில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் பிரிட்டனின் ஹரிக்கேன் விமானங்கள் இரண்டைச் சுட்டு வீழ்த்தின, ஒரு விமானி இறந்தார். 'பார்க்கிங் கிரீக் சண்டை' என்று கேலியாகப் பெயர் பெற்ற நிகழ்ச்சி அது. ஏமி இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு, 1940 டிசம்பர் 29 இரவு, ஜெர்மன் விமானங்கள் போட்ட தீக்குண்டுகளில் லண்டனின் பழைய நகரப் பகுதி பற்றி எரிந்திருந்தது. லண்டனுக்கு வரும் எதிரிக்குத் தேம்ஸ் முகத்துவாரம் வாசல்படி போன்றது. அங்கே காவலுக்கு இருந்த பீரங்கிக்காரர்களின் விரல் விசையை விட்டு விலகியிருக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்த வாக்குமூலம் ஓரிடத்தில் பலமாக இடறுகிறது. விமானத்தை வானொலியில் தொடர்புகொண்டு குறியீடு கேட்டோம் என்கிறது அது. துணைப்படை விமானியோ வானொலி இன்றிப் பறந்தவர், கேட்டிருந்தால் பதிலே வந்திருக்காது. தவறான பதில் இருமுறை வர வேண்டுமென்றால் பதில் சொல்லும் கருவி ஒன்று இருந்திருக்க வேண்டும். அன்றைய நாளின் நிறத்தில் ஒளிக்குண்டு சுட்டு அடையாளம் காட்டுவதே இத்தகைய விமானங்களுக்கு வழக்கமான முறை. ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு நினைவிலிருந்து பேசும் ஒருவர் அதையும் இதையும் குழப்பிக்கொள்வது இயற்கைதான், ஆகவே அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். அன்றோ அதை ஒட்டிய வேறொரு நாளோ அவர்கள் எதையோ சுட்டிருக்கலாம். சுட்டது ஏமியையே என்று இணைக்கும் கண்ணி மட்டும் காணவில்லை. மேலும், பீரங்கிக் கதை உண்மையாகவே இருந்தாலும், மூன்றரை மணி நேரம் அவர் ஏன் காற்றில் இருந்தார் என்ற கேள்வியை அது தொடவே இல்லை. சுடப்பட்டாரோ இல்லையோ, அந்த நேரத்தில் அவர் அங்கே இருந்திருக்கவே கூடாது.

அடுத்தது இரண்டாவது உடல். இந்த விவகாரத்தில் மிகவும் வலுவான புதிர் என்று நான் கருதுவது இதைத்தான், ஏனென்றால் இது பல பத்தாண்டுகள் கழித்து வந்த நினைவு அல்ல, சம்பவ இடத்தில் இருந்த மாலுமிகள் சொன்னது. ஹாஸில்மியரின் கேப்டன் வால்டர் ஃபிளெச்சர், பெண்ணைக் காப்பாற்ற முடியாமல் போனபின், தண்ணீரில் இன்னோர் உருவம் மிதப்பதாகக் கண்டு உறைகுளிரில் தானே கடலில் குதித்தார். நீந்தி அதை அடைந்தார். சில நிமிடம் அதைப் பற்றிக்கொண்டு மிதந்தவர், பிறகு அதை விட்டுவிட்டார். படகு ஒன்று அவரை எட்டியபோது அவர் நினைவிழந்திருந்தார், பின்னர் மருத்துவமனையில் இறந்தார். அந்த வீரத்துக்காக, இறப்புக்குப் பின் அவருக்கு ஆல்பர்ட் பதக்கம் அளிக்கப்பட்டது. தான் தொட்டது என்ன என்பதை அறிந்திருந்த ஒரே மனிதர், அதைச் சொல்லாமலே போய்விட்டார்.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? பத்திரிகைகள் அந்த அடையாளம் தெரியாத நபருக்கு 'மிஸ்டர் எக்ஸ்' என்று பெயரே வைத்துவிட்டன. ஒற்றர், ரகசியப் பணியில் சென்ற அதிகாரி, காதலர் என்று ஆளாளுக்கு ஓர் உருவம் கொடுத்தார்கள். ஒரு மணி நேரப் பயணம் ஏன் மூன்றரை மணி நேரமானது என்பதற்கும் இந்த 'மிஸ்டர் எக்ஸ்' பதிலாகிவிட்டார்: எங்கோ இறங்கி அவரை ஏற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்றார்கள். ஆனால் ஏமி பிளாக்பூலிலிருந்து கிளம்பும்போது தனியாகத்தான் கிளம்பினார். நாடு முழுவதும் மேகம் மூடிய நாளில், இடையில் ஒரு தளத்தில் இறங்கி ஒருவரை ஏற்றிக்கொண்டு மறுபடி எழும்பியிருந்தால், அந்தத் தளத்தில் பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். உலகறிந்த முகம் அது. மேலும், இறங்க முடிந்திருந்தால் எரிபொருளும் நிரப்பிக்கொண்டிருக்கலாம். காணாமல் போனதாக எந்த மனிதரும் தேடப்படவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால், மிஸ்டர் எக்ஸ் நிற்கக் கால் இல்லாமல் போகிறார்.

அப்படியானால் ஃபிளெச்சர் பற்றிக்கொண்டது எதை? ஏமியின் பயணப் பையும் காசோலைப் புத்தகமும் பறப்புப் பதிவேடும் பிறகு அப்பகுதி நீரிலிருந்து கிடைத்தன. தண்ணீர் புகாத ஒரு பை, கொந்தளிக்கும் அலையில், பனி விழும் மங்கிய ஒளியில், கப்பலின் உயரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒரு தலையாகவோ தோளாகவோ தெரிவது வியப்பல்ல. ஒரு மனிதர் அதன் மேல் சாய்ந்து இளைப்பாறினார், பின்னர் விட்டுவிட்டார் என்ற விவரமே எனக்கு இதை உறுதிப்படுத்துகிறது. காப்பாற்றுவதற்காகவே குதித்த ஒருவர், கையில் கிடைத்தது ஆள் என்றால் விட்டிருக்க மாட்டார், அது பிணமாகவே இருந்தாலும். மிதக்கும் ஒரு பொருள் என்றால் விட்டுவிடுவார். எனினும் குளிரில் விறைத்த கையில் எதையும் பிடித்து வைத்திருக்கும் வலு இருந்திருக்காது என்ற எதிர்வாதத்தையும் நான் மறுக்கவில்லை.

குளிர் என்று சொல்லும்போது, நமக்குப் பழக்கமான குளிர் எதுவும் இங்கே உதவாது. மார்கழி அதிகாலையில் குளத்தில் முங்கி எழுவதை நினைத்துக்கொண்டு இந்தக் காட்சியை அளக்கக் கூடாது. ஜனவரியில் அந்தக் கடல்நீரின் வெப்பநிலை ஐந்து பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும். அதில் திடீரென விழுபவருக்கு முதல் ஓரிரு நிமிடங்கள் மூச்சுக் கட்டுக்கடங்காமல் இரைக்கும், அப்போதே தண்ணீர் உள்ளே போனால் அங்கேயே முடிந்தது. அதைத் தாண்டினால் அடுத்த பத்து நிமிடத்துக்குள் ரத்த ஓட்டம் கைகால்களை விட்டு உள்ளே பின்வாங்கிவிடும், விரல்கள் மடங்காது. கண்ணெதிரே கயிறு கிடக்கும், அதைப் பிடிக்க வேண்டும் என்று மூளை சொல்லும், விரல் கேட்காது. தடித்த பறப்பு உடையும் தண்ணீரைக் குடித்துக் கனத்திருக்கும். கயிறு வீசியும் ஏன் அவர் பிடிக்கவில்லை என்பதில் மர்மம் எதுவும் இல்லை.

மூன்றாவது கதை, சொல்லக் கூசும் கதை, கப்பலைப் பற்றியது. ஹாஸில்மியர் அவரை நெருங்க முயன்றபோது மணல் திட்டில் தட்டியது, அதிலிருந்து மீள எஞ்சினைப் பின்னோக்கி இயக்கினார்கள், அலையில் தூக்கப்பட்ட கப்பலின் பின்பகுதி அவர் மேல் இறங்கியது என்பது அங்கிருந்தவர்கள் வழியாக வந்த விவரிப்பு. 2016இல் ஹல் நகர வரலாற்றாளர் ஒருவர் இதை மேலும் வெளிப்படையாக முன்வைத்தார்: மாலுமி ஒருவர் தன் மகனிடம் சொன்னதன்படி, ஏமி கப்பலின் சுழல்விசிறிக்குள் இழுக்கப்பட்டார். அந்த மாலுமி அதைக் கண்ணால் பார்க்கவில்லை, அப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பினார். ஆக இதுவும் கேள்விச் செய்தியே. ஆனாலும் மூன்று கதைகளில் நான் அதிக எடை கொடுப்பது இதற்குத்தான். அவர் கப்பலின் பின்பகுதிக்கு அடியில் மறைந்தார் என்பதில் சாட்சிகளிடையே பெரிய முரண்பாடு இல்லை. ஓடும் சுழல்விசிறி அங்கேதான் இருக்கிறது. உடல் ஒருபோதும் கரை ஒதுங்காததற்கும் அது காரணமாக இருக்கலாம், முகத்துவாரத்தின் கடும் ஓதமும் மணல் திட்டுகளும் மட்டுமே காரணமாகவும் இருக்கலாம்.

உடல் இல்லாததால் மரண விசாரணை முறைப்படி நடக்கவில்லை, காயம் எதனால் என்று பார்க்க மருத்துவர் யாருக்கும் வாய்ப்பில்லை. போர்க்காலத் தணிக்கை இருந்தது. கப்பல்கள் எங்கே இருந்தன, எதைச் சுமந்தன என்பதே எழுதக் கூடாத செய்தி. காப்பாற்றப் போய் உயிரை விட்ட கேப்டனின் கப்பலே அந்தப் பெண்ணின் உயிரைப் பறித்தது என்று எழுத, தடையே இல்லாவிட்டாலும், யாருக்கு மனம் வந்திருக்கும்? ஆகவே கடற்படையின் சுருக்கமான அறிக்கைகள், 'இரண்டு பேரைக் கண்டோம்' என்ற மாலுமிகளின் பேச்சு, துணைப்படையின் மறுப்பு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாமல் அப்படியே நின்றுவிட்டன. ரகசியம் காக்க யாரும் திட்டமிட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. ஆளுக்கொரு சிறு காரணத்துக்காகக் கொஞ்சம் கொஞ்சம் சொல்லாமல் விட்டாலே இவ்வளவு பெரிய ஓட்டை விழுந்துவிடும்.

இதில் ஒரே ஒரு விஷயம் என்னை இன்னும் உறுத்துகிறது. ஆஸ்திரேலியா வரை வரைபடத்தையும் காம்பஸையும் நம்பிப் பறந்தவர், விதியை மீறி மேகத்துக்கு மேலே ஏன் ஏறினார்? துணிச்சல் என்று சிலரும், தலைக்கனம் என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள். பழக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1930இல் இருந்தே அவருடைய பயணங்கள் எல்லாம், காத்திருந்தால் சாதனை போய்விடும் என்ற நெருக்கடியில், மோசமான வானத்துக்குள் புகுந்து மறுபுறம் வெளிவந்தவை. ஒவ்வொரு முறையும் எங்கோ ஓர் இடைவெளி கிடைத்தது, அணிவகுப்புத் திடலோ விளையாட்டு மைதானமோ கிடைத்தது. ஒரு பயிற்சி விமானத்தை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் திங்கட்கிழமை கொண்டுபோய்ச் சேர்த்திருந்தால் போரின் போக்கில் ஒன்றும் மாறியிருக்காது. ஆனால் 37 வயது வரை அப்படியே பறந்து பிழைத்து வந்தவருக்கு, அன்று காலை மேகத்தைப் பார்த்தபோது அது தோன்றியிருக்காது.

1941 ஜனவரி 14 அன்று லண்டனின் செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் தேவாலயத்தில் அவருக்கு நினைவு வழிபாடு நடந்தது. கல்லறை இல்லாத விமானப்படையினருக்காக ரன்னிமீடில் எழுப்பப்பட்ட நினைவகத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர் மறைந்து 75 ஆண்டுகள் நிறைந்த 2016இல் ஹெர்ன் பே கடற்கரையில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். கடலிலிருந்து மீட்ட பொருள்களில் அவருடைய பறப்புப் பதிவேடும் இருந்தது என்று முன்பே சொன்னேன். புறப்பட்ட இடம், இறங்கிய இடம், காற்றில் இருந்த நேரம் ஆகியவற்றை விமானிகள் அதில் குறித்துவைப்பார்கள். ஆனால் அந்த வரியை எழுதுவது தரையிறங்கிய பிறகுதான்.